கிறுக்கல் வந்தால் பிழைக்கும், கேள்விக்குறி வந்தால் போச்சு

தமிழில் சொந்தத் தளம் வைத்து எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் திறந்து பார்க்கும்போது உங்கள் பதிவுகளில் தமிழைக் காணோம், அதற்குப் பதிலாக ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன என்றால் பதற வேண்டாம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', மறுபடியும் அதே 'ஏ' என்று மாறி மாறி வந்தால் நீங்கள் எழுதியது உள்ளே அப்படியே இருக்கிறது, அதை மீட்கலாம். பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் போய், பதிவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தையே திறந்து பார்த்தாலும் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் என்றால் அது போனது போனதுதான். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் வராது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் கிட்டத்தட்ட 18,000 ரூபாயையும், ஒரு கோடை விடுமுறை முழுவதையும், நல்ல தூக்கத்தையும் தொலைத்தேன். தேடிப் பார்த்தபோது இதையெல்லாம் தமிழில் யாரும் விளக்கமாகச் சொல்லி என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் 2006-லிருந்து வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் எழுதுகிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிச் சமையல், இடையிடையே ஊர்க்கதை. அந்த நாளில் தமிழில் எழுதுவதே ஒரு தனி வேலை. தமிழா குழுவினர் வெளியிட்ட ஈ-கலப்பையை நிறுவ வேண்டும், விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவைத் தனியாகக் குறுந்தகடு போட்டு ஏற்ற வேண்டும், அதன் பிறகும் பக்கத்து வீட்டுக் கணினியில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். ஆனாலும் 'அ' என்று தட்டி அது திரையில் 'அ' என்றே வந்த சந்தோஷம் இருக்கிறதே, இன்றைக்குக் கைப்பேசியில் பேசினால் எழுதித் தருகிற காலத்தில் அதை விளக்க முடியாது. தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்ட 2004-ல் தொடங்கியிருந்த தமிழ்மணம் திரட்டியில் பதிவின் தலைப்பு வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பேன். டயல்-அப் இணைப்பு. ஒரு மறுமொழி வந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லி முடிக்கிற வரைக்கும் சோறு இறங்காது.

அப்படிச் சேர்ந்த பதிவுகள்தான் ஒரே நாளில் கிறுக்கலாயின. நடந்தது இதுதான். என் தளம் இருந்த ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் கணக்கைப் புதிய, வேகமான சர்வருக்கு மாற்றுகிறோம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று. அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மாற்றிய மறுநாள் காலையில் தளம் வேகமாகத்தான் திறந்தது. மேலே படம் இருக்கிறது, பக்கவாட்டில் மெனு இருக்கிறது, நடுவில் தமிழ் மட்டும் இல்லை. தலைப்பு, பதிவு, மறுமொழி, எனக்கு மறுமொழி போட்டவர்களின் பெயர் எல்லாமே அந்த 'ஏ'யும் 'ஆர்'-உம்தான்.

உதவி மையத்தில் அரட்டைப் பெட்டி வழியாகப் பேசினேன். எதிர்முனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அது அவர் குற்றமில்லை. ஆனால் "உங்கள் தளம் எங்களுக்குச் சரியாகத் திறக்கிறதே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை திரையில் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன, பக்கம் திறக்கிறது, வேலை முடிந்தது. முன்னுரிமை உதவித் திட்டத்தில் சேர்ந்தால் மூத்த பொறியாளர் பார்ப்பார் என்றார்கள். 2,500 ரூபாய் கட்டினேன். மூத்த பொறியாளர் தற்காலிகச் சேமிப்பான 'கேஷ்'-ஐ அழிக்கச் சொன்னார், தளத்தின் தோற்றத்தைத் தரும் 'தீம்'-ஐ மாற்றச் சொன்னார், எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொன்னார். இங்கே ஒரு குறிப்பு: எழுத்துரு கெட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பு தனியாக, எழுத்து தனியாகத் தெரியும். முற்றிலும் வேறு மொழியின் எழுத்துகள் தெரிந்தால் அது எழுத்துருப் பிரச்சினை இல்லவே இல்லை. இதைச் சொல்லி, 'தீம்' மாற்றுகிற வேலையை முதல் நாளே மறுத்திருக்கலாம். அரட்டையில் பேசும்போது இரண்டு ஸ்கிரீன்ஷாட்களை அனுப்புங்கள்: பழைய பக்கம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. பழைய பக்கத்தின் படம் கையில் இல்லையென்றால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பெரும்பாலும் கிடைக்கும். மொழி தெரியாதவருக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இதற்கிடையில் வாசகர்கள் கவலைப்படுவார்களே என்று "தளம் பழுது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பதிவு போட்டேன். பதிப்பித்துவிட்டுப் பார்த்தால் அதில் கிறுக்கல்கூட இல்லை, வெறும் கேள்விக்குறிகள். பழைய பதிவுகள் ஒரு விதமாகவும் புதியது வேறு விதமாகவும் கெட்டிருக்கின்றன என்பதே எவ்வளவு பெரிய துப்பு! அப்போது அது எனக்கு எட்டவில்லை. எழுதினது சரியாகச் சேமிக்கவில்லை போலும் என்று இன்னொரு குறிப்பையும் போட்டேன். அதுவும் கேள்விக்குறி. அந்த நாள்களில் வாசகர்கள் போட்ட மறுமொழிகளும் அப்படியே ஆயின. அதில் ஒன்று நீளமானது, நாலைந்து பத்தி இருக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், துணைக்கால் கொம்புகூடத் தனித்தனியாக, ஒரு கேள்விக்குறியாக மாறியிருந்தன. இடைவெளியும் எண்களும் மட்டும் பிழைத்திருந்தன. நடுவில் ஓரிடத்தில் 1978 என்று இருந்தது. யாருடைய கல்யாணமோ, எந்த வீட்டுக் கதையோ, மின்னஞ்சல் முகவரியும் போடாமல் எழுதியிருந்தார். இந்த இழப்பு எனக்குப் பணத்தைவிடப் பெரியது. ஆகவே தளத்தில் தமிழ் குலைந்தது என்று தெரிந்த அடுத்த நிமிடமே மறுமொழிப் பெட்டியை மூடுங்கள். சரியாகும் வரை புதிதாக எதையும் எழுதாதீர்கள், எதையும் திருத்தாதீர்கள். அறிவிப்பு சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், அல்லது ஒரு படமாகப் போடுங்கள்.

அடுத்து ஒரு ஃப்ரீலான்சரைப் பிடித்தேன். தெரிந்தவர் மூலமாக வந்தவர், 6,000 ரூபாய், முழுவதும் முன்பணம். அவர் தளத்தின் பதிவுகளை ஏற்றுமதி செய்து, ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுத் திருப்பி, இரண்டே நாளில் "முடிந்தது மேடம்" என்றார். திறந்து பார்த்தேன். தமிழ் வந்திருந்தது! ஒரு நொடி கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். 'உப்பு' என்ற இடத்தில் 'உப', பிறகு ஒரு கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி, 'ப' என்று தடுக்கித் தடுக்கி வந்தது. 'ஐந்து ஏலக்காய்' என்று எழுதியிருந்ததில் ந, த, ல, க, கா, ய மட்டும் மிஞ்சியிருந்தன. பதிவு முழுக்கப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு புரிந்தது. புள்ளி எங்கேயும் இல்லை. உகரக் கொம்பு எங்கேயும் இல்லை. ஐ, ஏ இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் வரும் இடமெல்லாம் ஓட்டை. மற்ற எழுத்துகள் அத்தனையும் சரி. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது, முயன்று பாருங்கள். அவரோ "90 சதவீதம் வந்துவிட்டதே, மிச்சத்தைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்" என்றார். பணம் திரும்பி வரவில்லை.

நல்ல வேளையாக, அவரிடம் கொடுப்பதற்கு முன்பே என் அக்கா மகன் சொல்லி, கெட்டுப்போன நிலையிலேயே தரவுத்தளம் முழுவதையும் பிஎச்பிமைஅட்மின் வழியாக இறக்கிப் பென்டிரைவில் வைத்திருந்தேன். கெட்டுப்போனதை எதற்கு எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். "சித்தி, டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்து வைக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. யார் கையை வச்சாலும் இந்த நிலைக்காவது திரும்பி வரலாம்" என்றான். அவன் கோயம்புத்தூரில் வேறு ஏதோ மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனைத் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் வெளியாளிடம் போனேன். கடைசியில் அவனிடமே வந்தேன். சர்வர் கடவுச்சொற்களை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தான். பத்து நிமிடம் ஆகியிருக்காது, போனில் கூப்பிட்டான். "சித்தி, உங்க பதிவு ஒண்ணும் கெடலை. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வர்ற வழியிலதான் கோளாறு."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட்டுகள். தரவுத்தளமான மைசீக்வலோ, பழைய காலத்தில் எல்லாவற்றையும் 'லேட்டின்-1' என்ற மேற்கு ஐரோப்பிய முறையில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளும். அந்த முறையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. 2006-ல் நான் தளம் தொடங்கியபோது வேர்ட்பிரஸ் தமிழைக் கொடுத்தது, மைசீக்வல் அதை ஏதோ பிரெஞ்சு என்று நினைத்து வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. உள்ளே அட்டையில் தப்பாக எழுதியிருந்தாலும் பெட்டியை யாரும் பிரிக்காததால் பல வருடங்கள் பிரச்சினை தெரியவில்லை. 2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2-லிருந்துதான், எந்த எழுத்து முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி அமைப்புக் கோப்பில் சேர்ந்தது. என் தளத்தில் வேர்ட்பிரஸ்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன், ஆனால் புதுப்பிக்கும்போது அந்த அமைப்புக் கோப்பை மட்டும் அது தொடுவதில்லை. ஆகவே 2006-ன் கோப்பு, அந்த வரி இல்லாமலேயே, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 2018-ல் வந்த மைசீக்வல் 8.0-இல் இயல்பு முறையை லேட்டின்-1-லிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றிவிட்டார்கள். முந்தைய 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்ததும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் பழையதை விட்டு வர வேண்டியதாயிற்று. என்னுடையதும் அப்படித்தான் வந்தது. புதிய சர்வர் என் எழுத்தை எடுத்து, "லேட்டின்-1 என்று போட்டிருக்கிறதே, யூடிஎஃப்-8-ஆக மாற்றிக் கொடுப்போம்" என்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக மாற்றிக் கொடுத்திருக்கிறது. தமிழ் எழுத்து எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்த 'ஏ' திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

நான் புதிதாக எழுதியவை ஏன் கேள்விக்குறியாயின என்பதும் அப்போது விளங்கியது. புதிய சர்வர் "இது தமிழ்" என்று சரியாகவே புரிந்துகொண்டு, லேட்டின்-1 அட்டவணையில் வைக்கப் பார்த்திருக்கிறது. அங்கே தமிழுக்கு இடம் இல்லை. இடம் இல்லாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான், மூலம் எங்கேயும் இல்லை.

புள்ளி காணாமல் போன கதையும் இதன் தொடர்ச்சிதான். விண்டோஸ் பயன்படுத்தும் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 256 இடங்களில் ஐந்து காலி. அந்த ஐந்தில் நான்கு, நம்முடைய புள்ளி, உகரக் கொம்பு, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட்டோடு நேராகப் பொருந்துகின்றன. மைசீக்வல் அந்தக் காலி இடங்களையும் இழக்காமல் பார்த்துக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் திருத்தும் கருவிகள் பலவும் அதைப் பார்ப்பதில்லை, காலி என்று தூக்கிப் போட்டுவிடுகின்றன. பிரெஞ்சுக்காரருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. நமக்குத்தான் உப்பும் பருப்பும் போகிறது. ஆகவே யாராவது சரிசெய்து கொடுத்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் 'ஐந்து', 'ஏலக்காய்', 'உப்பு' என்ற மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். மூன்றும் முழுசாக இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆங்கிலத் தளங்களைச் செப்பனிட்டுப் பழகியவருக்கு இந்தச் சோதனை தோன்றவே தோன்றாது.

உடனடி வைத்தியம் ஒரே வரி. டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அந்த அமைப்புக் கோப்பில் 'டிபி சார்செட்' என்ற அமைப்பைச் சேர்த்து, அதன் மதிப்பாக லேட்டின்-1 என்று கொடுத்தான். பக்கத்தைப் புதுப்பித்தேன். "மாப்பிள்ளை சொதி" என்று தலைப்பு வந்து நின்றது. மறுவீட்டு விருந்துக்கு எங்கள் பக்கம் வைக்கும் சொதி, என் முதல் பதிவுகளில் ஒன்று. தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு முதல் பாலைக் கடைசியில் விட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று அன்றைக்கு எழுதியது ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வரி! இதற்காகவா முன்னுரிமை உதவித் திட்டம், ஃப்ரீலான்சர், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தது எல்லாம்? நிறுவனத்துக்கு இதை எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் தளம் ஓடும். ஆனால் அடுத்த முறை சர்வர் மாறும்போதும், யாராவது நல்லெண்ணத்தில் அந்த வரியைத் திருத்தும்போதும் இதே கூத்து நடக்கும். நிரந்தரமாகச் சரிசெய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அதில் ஒரு பொறியும் இருக்கிறது. தரவுத்தளத்தின் அட்டவணைகளை நேரடியாக லேட்டின்-1-லிருந்து யூடிஎஃப்-8-எம்பி4-க்கு (மைசீக்வலில் யூடிஎஃப்-8-இன் முழு வடிவம்) மாற்று என்று கட்டளை கொடுத்தால், மைசீக்வல் சொன்னபடி செய்யும், கிறுக்கலையே நிரந்தரமாக்கிவிடும். எழுத்து உள்ள ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் 'பிளாப்' வகைக்கு மாற்ற வேண்டும், அதாவது இது எழுத்தே இல்லை, வெறும் பைட்டுகள் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அதை யூடிஎஃப்-8-எம்பி4 எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பைட்டுகளை அது தொடாது, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மாறும். இதை ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் செய்யவே கூடாது. வீட்டுக் கணினியையே சர்வர் போல ஓடவைக்கும் எக்ஸ்ஏஎம்பிபி என்ற மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவி, பென்டிரைவில் இருந்த நகலை அதில் ஏற்றி, அங்கே மாற்றிப் பார்த்து, அந்த மூன்று சொற்களையும் சோதித்து, அப்புறம்தான் மேலே ஏற்றினோம். எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண வீட்டுக் கணினியே இதற்குப் போதும். உங்கள் தளம் உங்கள் மேசையிலேயே இணையம் இல்லாமல் ஓடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். இப்போதெல்லாம் வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் புதிய துணைநிரல் (ப்ளக்இன்) எதுவானாலும் முதலில் அங்கேதான் போட்டுப் பார்க்கிறேன்.

சரிபார்க்கும்போது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரியில் தமிழ்த் தலைப்பை நேராக வைப்பதில்லை, சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாற்றி வைக்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் போய்விடும். முகவரிக்கு ஒதுக்கியதோ 200 இடம். ஆக 22 குறிக்கு மேல் போனால் வெட்டு. 'திருநெல்வேலி சொதி வைப்பது எப்படி' என்று தலைப்பு வைத்திருந்தேன். முகவரியில் அது 'திருநெல்வேலி-சொதி-வைப்பத' என்று உகரம்கூட இல்லாமல் நின்றிருந்தது. இத்தனை வருடமும் கவனித்ததே இல்லை. ஆனால் இதில் ஒரு லாபமும் கிடைத்தது. முகவரி தமிழாக இல்லாமல் சதவீதக் குறிகளாக இருந்ததால் அது மட்டும் எதிலும் கெடவில்லை. கேள்விக்குறியாகிப்போன பதிவுகளின் தலைப்புகளை முகவரியிலிருந்தே எடுத்துவிட்டோம். உள்ளடக்கம் போனாலும் எதைப் பற்றி எழுதினேன் என்றாவது தெரிந்தது. இப்போதெல்லாம் முகவரியைச் சிறிதாக நானே அடித்துவிடுகிறேன். பழைய பதிவுகளின் முகவரியை மாற்றவில்லை. மாற்றினால் யார் யாரோ எங்கெங்கோ கொடுத்து வைத்திருக்கும் சுட்டிகள் எல்லாம் செத்துப்போகும்.

தமிழ் வந்த தெம்பில் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கும் மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். இறக்கிய கோப்பில் பழைய முகவரியைத் தேடிப் புதிய முகவரியாக மாற்றுவது எளிதாகத்தான் தெரிகிறது. செய்தால் பக்கப்பட்டை காணாமல் போகும். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் எண்ணாக முன்னால் எழுதி வைக்கிறது. ஓர் எழுத்து கூடினாலும் கணக்கு இடித்து, அந்த அமைப்பையே தூக்கி எறிந்துவிடும். இந்த மாற்றத்துக்கென்றே, வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில் தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது. அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். இது மடிக்கணினி நகலில் தெரிந்தது என்பதால் சேதமில்லை.

நகல்களைத் தேடிப் பழைய குறுந்தகடுகளைக் கிளறியதில் 2002 வாக்கில் நான் தட்டச்சு செய்த குறிப்புகள் கிடைத்தன. திறந்தால் அதிலும் கிறுக்கல். ஆனால் இது வேறு ஜாதிக் கிறுக்கல். அந்த 'ஏ'யும் 'ஆர்'-உம் இல்லை. முக்காலைக் குறிக்கும் பின்னக் குறி அடிக்கடி வந்தது. அதைப் பார்த்ததுமே திஸ்கி என்று ஞாபகம் வந்துவிட்டது. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் நாம் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை, அதில் 'த' இருக்கும் இடத்தில்தான் அந்த முக்கால் குறி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டியவை அவை. திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இப்போதும் இணையத்தில் இருக்கின்றன, ஒட்டினால் உடனே மாறும். இறந்துபோன என் மாமியார் சொல்லச் சொல்ல நான் அடித்த புளிமிளகாய்க் குறிப்பு அதில் இருந்தது. அளவு எதுவும் கிடையாது, 'கண்ணளவு' என்றே எல்லா இடத்திலும். ஒரு மத்தியானம் முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் பழைய குறுந்தகடுகள் இருந்தால், படிக்கும் கருவி இன்னும் கிடைக்கிற இந்தச் சமயத்திலேயே எடுத்து மாற்றிவிடுங்கள். என்னுடையதில் பாதி படிக்கவே இல்லை, மேல்பூச்சு உரிந்திருந்தது.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்னுரிமை உதவி 2,500. ஃப்ரீலான்சர் 6,000. இந்தக் கூத்துக்குச் சில வாரம் முன்னால்தான் தள்ளுபடி என்று மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிய ஹோஸ்டிங் கட்டணம் 9,400, வேறு இடத்துக்குப் போனபோது அது திரும்பி வரவில்லை. தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் கட்டாதீர்கள் என்பேன். தளப்பெயரை நல்ல வேளையாக வேறு ஒரு நிறுவனத்தில் பதிந்திருந்தேன், அதனால் ஒரே நாளில் இடம் மாற முடிந்தது. பெயரும் இடமும் ஒரே கையில் இருந்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும். பேக்கப் ப்ளக்இன் வாரம் ஒரு தரம் நகல் எடுத்ததாகப் பச்சைக் குறி காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்த்ததில்லை. இப்போது மாதம் ஒரு தரம் மடிக்கணினியில் ஏற்றி 'ஐந்து ஏலக்காய்' தேடுகிறேன். அதோடு வேர்ட்பிரஸ்ஸின் ஏற்றுமதி வசதியில் கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பையும் தனியாக வைக்கிறேன். அது வெறும் உரைக்கோப்பு என்பதால் எந்த மென்பொருளும் இல்லாமல் திறந்து, தமிழ் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தளத்தின் தேடல் பெட்டியில் 'சொதி' என்று அடித்தால் பாதிப் பதிவுகள்தான் வருகின்றன. ஒரு காலத்தில் நான் பயன்படுத்திய மாற்றி, 'சொ' என்பதைச் ச, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக எழுதியிருக்கிறது. இப்போதைய விசைப்பலகை ச, ஒகரக் குறி என்று இரண்டாக எழுதுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. சில இடங்களில் காலுக்குப் பதிலாக 'ர' வேறு விழுந்திருக்கிறது. துண்டுகளை ஒன்றாக்குவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதித் தருவதாக அக்கா மகன் சொல்லியிருக்கிறான். பொங்கலுக்கு வருகிறான், சொதி வைத்துப் போட்டு உட்காரவைத்துவிடலாம் என்று இருக்கிறேன். 'ர' விழுந்த இடங்களை மட்டும் அந்த நிரலால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாதாம், அது நான் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்த வேண்டியது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பதிவு பார்க்கிறேன், இப்போது 2009-ல் இருக்கிறேன்.